பழைய காபரேற்றருக்குப் புது றப்பர்: எதை இங்கே தேடுவது, எதைக் கடல் தாண்டித் தேடுவது

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ மல்லாவியிலோ பழைய ஹொண்டா வைத்திருக்கிற எவரையும் இந்தக் கேள்வி ஒருநாள் பிடித்துக்கொள்ளும். வண்டி சோக் இழுத்தால்தான் எழும்புகிறது. சோக்கை விட்டால் அணைகிறது. சந்தியில் நிறுத்தினால் எஞ்சின் றேஸ் தானாக ஏறி நிற்கிறது. இரவு விட்ட இடத்தில் விடியப் பார்த்தால் நிலத்தில் பெற்றோல் மணக்கிறது. மெக்கானிக் ஒருக்கால் கழற்றிப் பார்த்துவிட்டு, "காபரேற்றர் முடிஞ்சுது அண்ணை, புதுசு ஒண்டு போடுங்கோ" என்கிறார். கொழும்பில் இருக்கிற மச்சான் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடட்டா என்கிறான். லண்டனில் இருக்கிற தம்பி ஒறிஜினல் கிற் (மாற்றுச் சாமான் பெட்டி) அனுப்பட்டா என்கிறான். முன்வீட்டு ஐயாவோ சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டே காலத்தை ஓட்டினவர். அவருக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற காபரேற்றரில் முதலில் சாவது றப்பர். உடலும் உள்ளே இருக்கிற பித்தளையும் நாற்பது வருசம் தாண்டியும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே காசை றப்பரில் போடுங்கள். அதிலும் எல்லா றப்பருக்கும் ஒரே கடையைத் தேடாதீர்கள். வட்டமான றப்பரை, அதாவது ஓ-றிங்கை, வன்னிக்குள்ளேயே எடுக்கலாம். அச்சில் வார்த்த வார்ப்பு றப்பருக்குத்தான் வெளியே போக வேண்டும்.

இது ஆசைக்குப் பழைய வண்டி வைத்திருக்கிறவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022-இல் ரூபாய் விழுந்தது. புது வண்டியின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் தாழ்வாரத்தில் சாத்தியிருந்த ஹொண்டா சீடி 125 பென்லியையும் சீடி 200-ஐயும் எம்டி 90-ஐயும் தூசி தட்டினார்கள். ஆசிரியைகள் பலர் இன்னமும் சாலி என்கிற சின்ன ஹொண்டாவில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பௌலைத் திறந்தால்

கன வருசம் நின்ற ஒரு கெய்ஹின் (ஹொண்டாவுக்குச் செய்து கொடுத்த கம்பனி) காபரேற்றரின் அடிப் பௌலை, அதாவது பெற்றோல் நிற்கிற கிண்ணத்தைக் கழற்றினால் முதலில் வருவது மணம். பெற்றோல் மணம் இல்லை. பழைய வார்னிஷ் மணம். அடியில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பிசின் படிந்திருக்கும். மூலையில் தண்ணீர் நின்ற இடத்தில் வெள்ளைப் பொடி. சுற்றியிருக்கிற ஓ-றிங்கை நகத்தால் கிளப்பினால் அது வளையாது, முறுக்குப் போல ஒடியும். ஒடிந்த துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். வட்டமாக இருந்திருக்க வேண்டிய வெட்டுமுகம், அது படுக்கிற பள்ளமான காடிக்குள் அழுந்தி அழுந்திச் சதுரமாகியிருக்கும். அது எதையும் அடைக்காமல் விட்டு எவ்வளவோ காலம் ஆகியிருக்கும்.

வன்னி வண்டிகளில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் உண்டு. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாத மிச்சம் கரியாகவும் பிசினாகவும் படியும். அந்தக் காலத்தில் யாராவது ஜெற்றுக்குள் (பெற்றோல் அளவாகப் போகிற சின்னத் துளையுள்ள பித்தளைக்குள்) கம்பி விட்டுத் துளையைப் பெருப்பித்திருக்கவும் கூடும். எனவே இங்கே கைமாறி வந்த வண்டி என்றால் ஜெற்றில் அடித்திருக்கிற இலக்கத்தை அப்படியே நம்பாமல் ஒருக்கால் அளந்து பாருங்கள். கெய்ஹின் மெயின் ஜெற்றின் இலக்கம் துளையின் விட்டம்தான்: 100 என்றால் 1.00 மில்லிமீற்றர். அந்த அளவு துரப்பண ஊசியின் மழுங்கின பக்கம் தளதளவென்று போய் வந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். மற்றக் கம்பனிகளான மிக்குனியிலும் அமலிலும் இலக்கம் எரிபொருள் பாய்கிற அளவைக் குறிப்பது. அங்கே இந்தச் சோதனை செல்லாது.

புதுக் காபரேற்றர்

மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு நாலு மணித்தியாலம் குந்தியிருந்து பைலற் ஜெற் (எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஊட்டுகிற சின்ன ஜெற்) துடைக்க நேரம் இல்லை. சீனக் காபரேற்றரைப் பூட்டி, கேபிளைக் கொழுவி, அரை மணித்தியாலத்தில் வண்டியை விட்டுவிடலாம்.

எம்டி 90, சி 90, சாலி மாதிரி கப் குடும்பத்து வண்டி என்றால் நானும் பெரிதாக எதிர்க்க மாட்டேன். சுப்பர் கப் 1958-இல் இருந்து வருகிற வண்டி. 2017-இல் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. அந்த எஞ்சினைப் பார்த்துச் செய்த சீன, தாய்லாந்து, வியட்நாம் சாமான்களுக்குக் குறைவே இல்லை. பிஇசட் 19 என்ற காபரேற்றர் இந்தச் சின்ன எஞ்சின்களுக்கென்றே விற்கிறது. பூட்டுகிற துளைகளின் இடைவெளியும் சோக் லீவர் எந்தப் பக்கம் என்பதும் பொருந்துகிறதா என்று பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். நாளாந்தம் பள்ளிக்கூடம் போய் வருகிற சாலிக்கு அது போதும்.

பென்லிக்கும் சீடி 200-க்கும் கதை வேறு. இரண்டு சிலிண்டருக்கு ஒரு காபரேற்றர் ஊட்டுகிற எஞ்சின் அது. காற்று வழியைத் திறந்து மூடுகிற சிலைட்டின் வெட்டு, அதில் தொங்குகிற ஊசியின் சரிவு, ஜெற்றுகளின் அளவு எல்லாம் அந்த எஞ்சினை வைத்துப் பார்த்துச் செய்தவை. ஒற்றைச் சிலிண்டர் 125-க்குச் செய்த பிஇசட் 27-ஐ அதில் கொழுவினால் வண்டி ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கால்வாசி திறப்பில் இழுவை குழம்பும், பிளக் கறுக்கும் அல்லது வெளுக்கும், பிறகு ஜெற் மாற்றி மாற்றிப் பார்க்கிற செலவு தொடங்கும். அந்தக் காசுக்குப் பழையதின் றப்பர் முழுவதையும் மாற்றிவிடலாம்.

கிற் வாங்குகிறவர்களுக்கு

கிற் பெட்டியைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும்: மினுமினுக்கிற ஜெற்றுகள், ஊசி, பௌல் ஓ-றிங், பௌல் நிறைந்ததும் பெற்றோலை நிறுத்துகிற புளோட் வால்வு. ஜப்பானின் கீஸ்டர் மாதிரி வண்டிக்கு வண்டி வேறாகச் செய்கிறவர்களின் கிற் நம்பலாம். பெயர் இல்லாத கிற்றில் ஜெற்றின் துளை எழுதியிருக்கிற அளவில் இருக்கும் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஊசியின் சரிவு இன்னும் மோசம். அதைக் கண்ணால் பிடிக்கவே முடியாது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தொழிற்சாலையில் இருந்து வந்த ஜெற் அடைத்துத்தான் இருக்கிறது, தேயவில்லை. அதற்குள்ளால் ஓடுவது பெற்றோல், மணல் இல்லை. வளைகிற மின்கம்பியைப் பிரித்து அதில் ஒற்றைச் செப்பு இழையை எடுத்து விட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். 38 இலக்கப் பைலற் ஜெற்றில் துளை அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் அது சுத்தம். துடைக்க உருக்குக் கம்பியும் துரப்பண ஊசியும் வேண்டாம், பித்தளை மெதுமையானது.

தேய்கிற பித்தளையும் இருக்கிறது. சிலைட்டோடு மேலும் கீழும் போய் வருகிற ஊசியும், அது உரசுகிற ஊசி ஜெற்றும் தேயும். ஊசியில் பளபளவென்ற பட்டையும் ஜெற்றின் வாய் நீள்வட்டமாகவும் தெரிந்தால் அந்தச் சோடியை மாற்றத்தான் வேண்டும். புளோட் வால்வின் கூரில் ஒரு வளையம் பதிந்திருந்தால் அதுவும் போச்சு. இந்த மூன்றையும் தவிர கிற்றில் வருகிற பித்தளையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு றப்பரை மட்டும் எடுங்கள். அப்படிப் பார்த்தால் கிற்றுக்குக் கொடுக்கிற காசில் பாதிக்கு மேல் வீண்தானே என்று கேட்பீர்கள். அதுதான் அடுத்த வழிக்குக் காரணம்.

உழவு இயந்திரக் கடைக்குப் போங்கள்

வன்னி வயல் நாடு. மோட்டார் சைக்கிள் சாமான் இல்லாத சந்தியிலும் உழவு இயந்திரம் திருத்துகிற பட்டறை இருக்கும், அங்கே ஐதரோலிக் ஓ-றிங் பெட்டியும் இருக்கும். ஐதரோலிக் எண்ணெய்க்கு என்று வருகிற ஓ-றிங் பெரும்பாலும் நைற்றைல் றப்பர். பெற்றோலில் தாக்குப்பிடிக்கிற றப்பரும் அதுதான். மோட்டார் சைக்கிள் கடைக்காரர் கையை விரிக்கிற சாமான் அங்கே சில்லறைக் காசுக்குக் கிடக்கிறது. பரந்தனிலோ வவுனியாவிலோ அப்படி ஒரு கடை உங்களுக்குப் பழக்கம் என்றால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

ஆனால் அளவு எடுக்கத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பழைய ஓ-றிங்கை அளக்காதீர்கள். அது அழுந்திச் செத்தது, பொய் சொல்லும். காடியை அளவுங்கள். காடியின் ஆழம் ஓ-றிங்கின் கனத்தில் தோராயமாக நாலில் மூன்று பங்கு இருந்தால், மூடியை இறுக்கும்போது மிச்சக் கால் பங்கு நசுங்கி அடைத்துக்கொள்ளும். ஜப்பானிய அளவில் சின்ன ஓ-றிங்குகளின் கனம் 1.9 மில்லிமீற்றர், அடுத்தது 2.4. அங்குல அளவில் அது 1.78, பிறகு 2.62. வித்தியாசம் தலைமயிர் அளவுதான், ஆனால் காடிக்குள் அது தெரியும். மசி பெர்குசனுக்கு வருகிற பெட்டியில் அங்குல அளவு இருக்கும். குபோட்டாவுக்கும் மற்ற ஜப்பான் இயந்திரங்களுக்கும் வருகிற பெட்டியில் உங்கள் ஹொண்டாவின் அளவு இருக்கும். எந்தப் பெட்டியை இறக்கச் சொல்வது என்று தெரிந்தால் கடைக்காரரும் மதிப்பார்.

பௌலின் காடி வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் வளைந்தும் போகும். பயப்பட வேண்டாம். நூலைக் காடியின் நடுவே வைத்துச் சுற்றி, நீளத்தை எடுத்து, 3.14-ஆல் பிரியுங்கள். வருகிற விட்டத்துக்கு ஒரு சொட்டுக் குறைவான வட்ட ஓ-றிங் அந்தக் காடியில் நன்றாகப் படுக்கும். ஹீரோ ஹொண்டாவின் பௌல் ஓ-றிங் எல்லாக் கடையிலும் இருக்கிறது. அளவு பொருந்தினால் அதையே எடுங்கள், அது இந்த வேலைக்கென்றே செய்தது.

இனி எச்சரிக்கை. கறுப்பாக வட்டமாக இருப்பதெல்லாம் நைற்றைல் இல்லை. பிரேக் ஒயிலுக்குச் செய்த சீல் இபிடிஎம் என்கிற வேறு றப்பர். அது பெற்றோலில் ஊதும். தண்ணீர்க் குழாய்க்கு விற்கிற வளையங்களிலும் அது வரும். சைக்கிள் ரியூப்பும் ஊதும், அது பியூட்டைலாக இருந்தாலும் இயற்கை றப்பராக இருந்தாலும். முன்வீட்டு ஐயாவின் ரியூப் காஸ்கற் ஏன் ஓடியது என்றால், அவர் அதை மாதத்துக்கு ஒருதரம் மாற்றினார். றப்பர் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு பெற்றோலுக்கு ஏற்ற றப்பரைத் தேடுகிறோமே என்று சிரிப்பு வரும்; நம் தோட்டத்து றப்பர் ரயருக்கு நல்லது, பெற்றோலுக்கு ஆகாது. சிலிக்கன் பசையும் அப்படித்தான். பௌலைச் சுற்றிப் பூசினால் முதல் கிழமை ஒழுகாது. பிறகு ஊதி, உரிந்து, ஒரு துண்டு நேரே பைலற் ஜெற்றில் போய்க் குந்தும்.

இதற்கெல்லாம் ஒரு ஜாம் போத்தல் சோதனை போதும். வாங்கிய ஓ-றிங்கின் கனத்தை வேர்ணியரில் அளந்து எழுதி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலுக்குள் ஒரு இரவு போட்டு வையுங்கள், அடுப்படிக்குத் தூரமாக. காலையில் எடுத்துத் துடைத்து அளவுங்கள். நைற்றைலும் கொஞ்சம் பெருக்கும், ஆனால் கையில் எடுத்தால் அதே வளையம்தான். ஆகாத றப்பர் கண்ணுக்கே தெரியும்: வளையம் பெருத்து, காடிக்குள் திரும்பப் போகாமல் அலை அலையாக நெளிந்து நிற்கும். வைற்றன் என்கிற உயர்ந்த றப்பர் என்று சொல்லி, மண்ணிறத்தைக் காட்டி, நாலு மடங்கு விலைக்கு ஒரு கடையில் எனக்குத் தந்தது இந்தப் போத்தலில் ஒரே இரவில் நெளிந்தது. நிறத்தைச் சாயம் போட்டும் தரலாம். உண்மையான வைற்றன் நைற்றைலை விடச் சூட்டுக்கும் பெற்றோலுக்கும் மேல்தான். எஞ்சின் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஓ-றிங்குக்கு அதைப் போடலாம். பௌலுக்கு நைற்றைல் போதும்.

சின்ன ஹொண்டாக்களில் எஞ்சின் தலைக்கும் காபரேற்றருக்கும் இடையில் ஒரு பேக்கலைற் இன்சுலேற்றர் இருக்கும். காற்று இழுக்கிறது, றேஸ் ஏறி நிற்கிறது என்று வருகிற பழுதில் பாதி, அதன் இரண்டு பக்கமும் இருக்கிற ஓ-றிங் இரண்டும் செத்ததுதான். அதாவது உழவு இயந்திரக் கடையில் முடிகிற வேலை. ஆனால் பூட்டுவதற்கு முன் காபரேற்றரின் முகத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆள் இறுக்கி இறுக்கி அந்த முகம் வில்லாக வளைந்திருக்கும். கண்ணாடியில் நானூறாம் நம்பர் அரத்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, எட்டு வடிவத்தில் உரசி நேராக்க வேண்டும். இதைச் செய்யாமல் எந்த ஓ-றிங் போட்டாலும் காற்று இழுக்கும்.

வார்ப்பு றப்பர்

இங்கேதான் பொக்கற் கடிக்கும். சிபி 250, சிபி 400 மாதிரிப் பெரிய வண்டிகளிலும் யமஹா பலவற்றிலும் காபரேற்றரை எஞ்சினோடு இணைப்பது வார்ப்பில் செய்த றப்பர்க் கழுத்து. அலுமினியத் தட்டோடு ஒட்டி வார்த்தது. வன்னி வெயிலில் அது கல்லாகி, கழுத்தைச் சுற்றி நுணுக்கமாக வெடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது; கையால் வளைத்தால் வெடிப்பு வாய் திறக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த இடத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கேதான்.

கல்லான றப்பரை இளக்க ஒரு வைத்தியம் சொல்வார்கள்: நோவுக்குப் பூசுகிற விண்டர்கிறீன் எண்ணெய் ஒரு பங்கு, சைலீன் மூன்று பங்கு, அதில் ஊறப் போடுவது. இளகும், உண்மை. சைலீனின் ஆவி கெட்டது, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். வெடிக்காமல் இறுகியது மட்டும் என்றால் இதைச் செய்து கொஞ்சக் காலம் ஓட்டலாம். வெடித்ததை எந்த எண்ணெயும் ஒட்டாது. மேலால் பசை பூசி ரியூப் சுற்றுவது கராஜுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் சரி. அதோடு ஓடினால் கலவையில் காற்று கூடி, எஞ்சின் சூடேறி, பிஸ்டனில் முடியும். ஒரு றப்பருக்குப் பதிலாக எஞ்சின் திறப்பது கட்டுமா என்று பாருங்கள்.

இதற்கு ஒறிஜினல்தான், அல்லது பெயருள்ள ஒருவர் செய்த பிரதி. தேடுகிறபோது வண்டியின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். சாமான் இலக்கத்தைச் சொல்லுங்கள். ஹொண்டாவில் முதல் ஐந்து இலக்கம் என்ன சாமான் என்பதைச் சொல்லும்: 16100 என்றால் முழுக் காபரேற்றர், 16211 என்றால் இன்சுலேற்றர், இந்த றப்பர்க் கழுத்தும் அந்தப் பெயரில்தான் வரும். நடுவில் வருகிற மூன்று எழுத்து அல்லது இலக்கம் எந்த மொடலுக்கு முதலில் செய்தது என்பது. இதில் ஒரு லாபம் உண்டு: உங்கள் வண்டியில் இருக்கிற கழுத்து இன்னொரு வண்டிக்காகச் செய்ததாக இருக்கலாம், அந்த வண்டி உலகத்தில் அதிகம் விற்றதாகவும் இருக்கலாம். மொடல் பெயரில் கிடைக்காத சாமான் இலக்கத்தில் கிடைப்பது அப்படித்தான். லண்டன் தம்பியிடம் இதைக் கேளுங்கள், கிற்றைக் கேட்காதீர்கள். வேர்ணியர் பிடித்த படம், உள்விட்டம், துளை இடைவெளி எல்லாம் சேர்த்து அனுப்பினால் அவனும் அலைய மாட்டான். சின்னப் பொதி, பாரம் இல்லை. வருகிறவர்களின் பையில் ஒரு மூலையில் வந்துவிடும்.

டயபிரம் இதை விடப் பொல்லாதது. வெற்றிடத்தில் சிலைட் ஏறுகிற காபரேற்றர்களில் மட்டும் இருக்கிற மெல்லிய றப்பர் அது. மயிரிழை ஓட்டை விழுந்தாலே வண்டி அரைவாசிக்கு மேல் இழுக்காது. சோதனை இலேசு: சிலைட்டை விரலால் உயர்த்தி, காற்று போகிற துளையை மற்ற விரலால் பொத்தி, விடுங்கள். மெல்ல இறங்கினால் நல்லது, தொப்பென்று விழுந்தால் ஓட்டை. செய்தவர்கள் அதைச் சிலைட்டோடு சேர்த்தே விற்பதால் விலை கூட. வெறும் டயபிரத்தைத் தனியாகச் செய்து விற்கிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். பழையதைச் சுரண்டி எடுத்து ஒட்ட வேண்டும். பொறுமை இருந்தால் அது நல்ல வழி. கையில் கத்தி நடுங்குகிறவர் சிலைட்டோடேயே வாங்கட்டும்.

காற்று வடிகட்டிக்கும் காபரேற்றருக்கும் இடையில் இருக்கிற றப்பர்க் குழாயும் வார்ப்புத்தான், ஆனால் அதற்கு இந்தப் பாடு வேண்டாம். அதில் பெற்றோல் நிற்பதில்லை. விட்டம் பொருந்துகிற கார் ரேடியேற்றர் குழாயின் வளைவை வெட்டிப் பூட்டினால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பஞ்சிகாவத்தையும் புதுப்பேட்டையும்

கொழும்பில் பஞ்சிகாவத்தை, சென்னையில் புதுப்பேட்டை. இரண்டிலும் பழைய காபரேற்றர் குவிந்து கிடக்கிறது. பித்தளைக்கும் உடலுக்கும் புளோட்டுக்கும் அங்கே போங்கள். உடைந்த காதுக்குப் பதில் உடல், தொலைந்த மூடிக்குப் பதில் மூடி. றப்பருக்குப் போகாதீர்கள். உங்கள் வண்டியில் செத்த அதே வயது றப்பர்தான் அங்கேயும் இருக்கும். போரின் கடைசியில் முல்லைத்தீவுப் பக்கம் கைவிடப்பட்டு, உப்புக் காற்றிலும் மழையிலும் கிடந்த வண்டிகளின் சாமான்களும் பழைய இரும்புக் கடைகளில் வரும்; அவற்றில் உடலே வெள்ளைப் பொடியாகியிருக்கும், தொட வேண்டாம்.

சென்னை வழி ஹீரோ, பஜாஜ், என்பீல்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையில் உதவும். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கிய பிறகு, அது நின்று நின்று ஓடினாலும், கையோடு கொண்டுவருகிற வசதி கூடியிருக்கிறது. ஜப்பானில் இருந்து நேரே இங்கே வந்த பழைய ஹொண்டாவுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

வார்ப்புச் செய்து எடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. தெற்கில் றப்பர்ப் பொருள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதிரியும் நைற்றைல் கலவையும் சொல்லிக் கொடுத்தால் அச்சு வெட்டுவார்கள். ஆனால் ஒன்றுக்கு வெட்டினாலும் நூறுக்கு வெட்டினாலும் அச்சுச் செலவு ஒன்றுதான். ஒரே மொடல் வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்தால் பார்க்கலாம்; தனியாளுக்குக் கட்டாது.

பிஎஸ்ஏ, ட்ரயம்ப் மாதிரி ஆங்கிலேய வண்டி வைத்திருக்கிற அதிர்ஷ்டசாலிகள் இதுவரை வாசித்ததை மறந்துவிடலாம். அமல் காபரேற்றரை 2003-இல் இங்கிலாந்தின் பேர்லன் கம்பனி வாங்கி, மொனோபுளொக், கொன்சென்ரிக் என்ற இரண்டு வகையையும் இன்றுவரை புதிதாகச் செய்து விற்கிறது. ஓ-றிங்கில் இருந்து முழு உடல் வரைக்கும். கெய்ஹின் 2021-இல் ஹிற்றாச்சி அஸ்டெமோவுக்குள் கரைந்துபோனது. அறுபது வயது ஆங்கிலேய வண்டிக்குச் சாமான் கிடைக்க, நாற்பது வயது ஜப்பான் வண்டி வைத்திருப்பவன் அலைகிறான்.

பூட்டும்போது

எந்த வழியில் றப்பர் எடுத்தாலும் சில வேலைகள் ஒன்றுதான். காபரேற்றர் துடைக்கிற ஸ்பிரே அடிப்பதற்கு முன் றப்பர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். புதியதை அது ஒரு நிமிடத்தில் கெடுக்கும். பித்தளை ஜெற்றைப் புளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுப்பது பரவாயில்லை, குத்துவிளக்குத் துடைக்கிற கைப்பழக்கம்தானே. உடலைப் போடாதீர்கள், அது துத்தநாகக் கலப்பு, புளிப்பு அதைத் தின்னும். பெற்றோல் ராங்கியின் திறப்புக்குள் நாலு துளை உள்ள ஒரு றப்பர்த் தட்டு இருக்கிறது. அதை எல்லோரும் மறப்பார்கள், பிறகு காபரேற்றரைத்தான் திட்டுவார்கள். பெற்றோல் குழாய்க்கு வெள்ளைப் பிளாஸ்ரிக் ரியூப் போடாதீர்கள். தடைக்காலத்தில் சேலைன் ரியூப் போட்டு ஓடினோம் என்றால் அப்போது வேறு இல்லை; இப்போது நைற்றைல் குழாய் எல்லாக் கடையிலும் அடியளவில் வெட்டித் தருகிறார்கள்.

மிச்சம் வாங்கி வைக்கிற ஓ-றிங்கை நெகிழிப் பையில் கட்டி, வெளிச்சம் படாத தகரப் பேணிக்குள் வையுங்கள். தண்ணீர்ப் பம்பு மோட்டாருக்கும் வெல்டிங் மெசினுக்கும் பக்கத்தில் வேண்டாம். அவற்றின் பொறியில் உண்டாகிற ஓசோன் றப்பரை வெடிக்க வைக்கும். வண்டியைக் கிழமைக் கணக்கில் நிறுத்துவதென்றால் ராங்கித் திறப்பை மூடிவிட்டுப் பௌலின் அடி ஆணியைத் திறந்து வடித்துவிடுங்கள்.